செட்டிநாட்டு ஊர்களில் மனநலச் சேவையில் ஒரு புது முயற்சி: தொடங்குவதிலிருந்து ஒப்படைப்பது வரை முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, திருமயம், பொன்னமராவதி என்று இந்தப் பக்கம் மனநலத்தில் வேலை செய்கிறவர்களிடம் யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. முகாம் போடலாம், ஆப் செய்யலாம், பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசலாம், வண்டி வாங்கலாம். சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் பணம் தருகிறேன் என்று முன்வருவதும் நடக்கிறது. ஆனால் தொடங்கிய டாக்டருக்கு மாற்றல் வந்தபிறகும், பணம் கொடுத்தவரின் கவனம் வேறு பக்கம் போனபிறகும் அந்த முயற்சி ஊரில் உயிரோடு இருப்பது மட்டும் அபூர்வமாக இருக்கிறது. ஒரு புதிய சேவையை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிச் சின்னதாகச் சோதிப்பது, எதை அளப்பது, எப்போது நிறுத்துவது, யாரிடம் கொடுத்துவிட்டு விலகுவது என்பதை இங்கே சொல்கிறேன். அறக்கட்டளை நடத்துகிறவர்கள், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்கள், சமூகப் பணி படிக்கிற பிள்ளைகள், மாவட்ட மனநலக் குழுவில் இருப்பவர்கள், எல்லோருக்கும் இது பொருந்தும்.

கொஞ்சம் பின்னணி. தேசிய மனநலத் திட்டம் 1982-ல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் தொடங்கியபோது நாட்டிலேயே முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் நம் பக்கத்துத் திருச்சியும் ஒன்று. அப்படி இருந்தும், பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் சுமார் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது; நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். திட்டம் இருக்கிறது, மாத்திரையும் பெரும்பாலும் இருக்கிறது, ஆள் மட்டும் வந்து சேர்வதில்லை, வந்தாலும் நிற்பதில்லை.

1. யோசனையை ஓரமாக வைத்துவிட்டுப் பதிவேட்டை எடுங்கள்

ஓ.பி. பதிவேடுதான் ஆரம்பம். போன வருடம் முதல்முறையாகச் சீட்டுப் போட்டு வந்தவர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: அடுத்த மாதம் வந்தாரா, மூன்றாவது மாதம் வந்தாரா, ஆறாவது மாதம் வந்தாரா. உங்கள் ஊரில் ஆட்கள் எந்த இடத்தில் விட்டுப்போகிறார்கள் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அப்புறம் வராமல் போனவர்களை அந்த மருத்துவமனை ஆட்கள் மூலமாகவே, அவர்கள் சம்மதம் கேட்டு, போய்ப் பாருங்கள். நேரில் போவது நல்லது, ஆனால் பெயர் எழுதிய வண்டியில் போகாதீர்கள். வண்டி நின்ற வீடு எது என்பது சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிடும்.

என்ன சொல்வார்கள்? "மாத்திரை போட்டா பகல்லயும் தூங்கிட்டே இருக்கான், வேலைக்குப் போக முடியல." "நல்லாயிட்டான், அதான் நிறுத்திட்டோம்." "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறோம், இப்பப் போயி ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா தெரிஞ்சிரும்." "போன தடவை மாத்திரை இல்லைன்னு அனுப்பிட்டாங்க." இந்த நான்கு பதிலுக்கும் நான்கு வெவ்வேறு வேலை இருக்கிறது. முதலாவதற்கு, அளவையோ நேரத்தையோ மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இரண்டாவதற்கு, நல்லாயிருக்கும்போதும் ஏன் தொடர வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து பொறுமையாகப் பேச வேண்டும். மூன்றாவதற்கு மனநலத்துக்கென்று தனி வாசல் இல்லாமல் சர்க்கரை, பிரஷருக்கு வருகிறவர்களோடு சேர்ந்து உட்காரும் ஏற்பாடு. நான்காவது மருந்துக் கொள்முதல் பிரச்சினை. பாருங்கள், ஒன்றுக்குக்கூட ஆப் தேவைப்படவில்லை.

பதிவேட்டிலேயே வராதவர்களும் இருக்கிறார்கள், அவர்களை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு, அதில் தனியாக ஓர் ஆச்சி, பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் குடும்பம் பின்கட்டில். அந்த ஆச்சி "மனசு சரியில்லை" என்று ஒருநாளும் சொல்லமாட்டார். முழங்கால் வலி, தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்றுதான் திரும்பத் திரும்ப வருவார். ஆகவே பொது ஓ.பி.யில் இந்தப் புகார்களோடு அடிக்கடி வருகிறவர்களையும் கணக்கில் எடுங்கள். புதுவயல் பக்கம் அரிசி ஆலைகள் இருக்கிற இடங்களில் வெளிமாநிலத் தொழிலாளர்களும் உண்டு. அவர்களுக்கு 14416 என்ற டெலி மனாஸ், அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணைக் கொடுக்கலாம். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய அந்தச் சேவையில் அவர்கள் மொழியிலேயே பேச முடியும்.

2. பாதிக்கப்பட்டவர்களைக் குழுவில் சேருங்கள், சம்பளத்தோடு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தள்ளிவிடாதீர்கள். நோயிலிருந்து தேறியவர் இருவர், வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர், இவர்கள் மூவரும் திட்டக் கூட்டத்தில் முதல் நாளிலிருந்து இருக்க வேண்டும். ஒரு நாள் கூலி இழந்து வருகிறார்கள், அதைக் கொடுத்துவிடுங்கள். நோயின் அறிகுறி குறைந்ததா என்று நாம் கேட்டுக்கொண்டிருப்போம். நூறு நாள் வேலைக்குத் திரும்பப் போக முடிகிறதா, வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுகிறார்களா என்று அவர்கள் கேட்பார்கள். எதை அளக்க வேண்டும் என்பது அங்கேதான் தெரியவரும்.

3. ஏற்கெனவே யார் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள்: எதை அப்படியே எடுப்பது, எதை மாற்றுவது

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற படி இது.

நம் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய, மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் நிறுவனம், 2010-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தையே ஆலோசனை அறையாக மாற்றிக் கிராமங்களுக்கு அனுப்பியது. உள்ளே திரை, சென்னையில் மனநல டாக்டர், பேருந்திலேயே மருந்தகம். கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் "நாமும் ஒரு பஸ் வாங்கலாம்" என்றுதான் முதலில் சொல்கிறார்கள். என் கருத்தில் அங்கே வேலை செய்தது பஸ் மட்டுமல்ல. ஊரில் ஆட்களைக் கண்டுபிடித்து அழைத்து வருகிற, பஸ் போனபிறகு வீடு தேடிப் போகிற உள்ளூர்ப் பணியாளர்களும், கையோடு மருந்து கிடைத்ததும்தான் அதை நிற்க வைத்தன. இந்த இரண்டும் இருந்தால் துணை சுகாதார நிலையத்தில் ஒரு மேசையும் ஒரு டேப்லெட் கணினியும் வைத்துக்கூட அதே வேலையைச் செய்யலாம். இவை இல்லாமல் பஸ் மட்டும் வாங்கினால் டீசல் செலவுதான் மிச்சம். இணையவழி ஆலோசனைக்கு 2020-ல் அரசு வெளியிட்ட நெறிமுறைகள் இருக்கின்றன. சில மருந்துகளை அப்படி எழுதிக் கொடுக்கவே கூடாது. உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து அந்தப் பட்டியலை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அடுத்து ஜிம்பாப்வே. டாக்டர் டிக்சன் சிபாண்டா 2006-ல் தொடங்கிய நட்பு பெஞ்ச்: சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மரப்பெஞ்ச், அதில் பயிற்சி பெற்ற பாட்டிமார், மன அழுத்தத்தோடு வருகிறவரிடம் பிரச்சினையை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துப் பேசுவார்கள். ஹராரேயில் நடந்த ஆய்வு 2016-ல் வெளியாகி, அது பலன் தருகிறது என்று காட்டியது. இதை இங்கே கொண்டுவர நினைத்தால் பெஞ்சை எங்கே போடுவீர்கள்? ஊருணிக் கரையில் போட்டால், அதில் உட்கார்ந்தவர் வீடு திரும்புவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விடும். பெஞ்சை விட்டுவிடலாம். விடக்கூடாதவை வேறு: ஊர் மதிக்கிற வயதான பெண்கள், ஒழுங்கு வைத்து நடத்துகிற பேச்சு, யாருக்கு எவ்வளவு தீவிரம் என்று பார்க்கும் கேள்வித்தாள், தீவிரமானால் உடனே மேலே அனுப்பும் வழி, பேசுகிறவர்களுக்கு வாராவாரம் கிடைக்கும் மேற்பார்வை. பெஞ்சுக்குப் பதில் பிள்ளைகள் போனபிறகு அங்கன்வாடியில் உட்காரலாம், வீட்டு முகப்பிலேயே உட்காரலாம். கோவாவில் சங்கத் அமைப்பும் இதே பாணியில், டாக்டர் அல்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் மனச்சோர்வுக்கு உதவ முடியும் என்று 2017-ல் காட்டியது.

மூன்றாவது, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம், தற்கொலைத் தடுப்பில் வேலை செய்யும் சென்னை சிநேகா அமைப்பினர் செய்த முயற்சி. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது இடத்தில், ஆளுக்கொரு பூட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்வது. கோபமோ வேதனையோ உச்சத்தில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் விஷம் கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் தப்புகிறது, அடிப்படை அவ்வளவுதான். மானாவாரி நெல்லும் கண்மாய்ப் பாசனமும் இருக்கிற நம் ஊர்களுக்கு இதை நேரடியாக யோசிக்கலாம்.

எதைப் பார்த்தாலும் தாளின் ஒரு பக்கம் "இது இல்லாமல் வேலை செய்யாது", மறுபக்கம் "இது அந்த ஊருக்காக" என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். முதல் பக்கத்தில் இருப்பதில் செலவு மிச்சம் பிடிக்கத் தோன்றும், அதிலும் மேற்பார்வையில்தான் முதலில் கை வைப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

4. ஒரு தாளில் திட்டம், இரண்டு ஊரில் சோதனை

இரண்டு ஊர் போதும், மூன்று நாலு மாதம் போதும். மெயின் ரோட்டில் பஸ் வசதியோடு இருக்கும் ஊர் ஒன்று, உள்ளடங்கி மினி பஸ் மட்டும் வருகிற ஊர் ஒன்று என்று எடுங்கள். முதல் ஊரில் நடப்பது இரண்டாவதில் நடக்காமல் போகலாம், அது இப்போதே தெரிவது நல்லது.

தாளில் இருக்க வேண்டியவை: என்ன செய்யப்போகிறோம், யார் செய்வார், எந்தக் கிழமை, எந்த எண்ணைப் பார்த்து வெற்றி என்போம், எந்த நிலை வந்தால் நிறுத்துவோம். கடைசி வரியைத் தொடங்கும் முன்பே எழுதுங்கள். மூன்று மாதம் உழைத்தபிறகு நிறுத்த யாருக்கும் மனசு வராது, எண்ணுக்கு ஏதாவது ஒரு சமாதானம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எண் என்று வரும்போது "இத்தனை பேருக்கு விழிப்புணர்வு", "இத்தனை முகாம்" என்பதெல்லாம் நாம் செய்த வேலையின் கணக்கு, அதனால் நோயாளிக்கு என்ன ஆனது என்பதை அது சொல்லாது. தீவிர நோய்களுக்கு நான் பார்க்கச் சொல்வது: சிகிச்சை தொடங்கியவர்களில் மூன்றாம் மாதம் தொடர்கிறவர்கள் எத்தனை பேர். 40 பேர் தொடங்கி 22 பேர் தொடர்ந்தால் 55 சதவீதம். புது ஏற்பாட்டுக்குப் பிறகு அதே கணக்கை அதே முறையில் எடுங்கள். மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள் உள்ள பி.எச்.கியூ-9 தாள் தமிழிலேயே கிடைக்கிறது. மொத்தம் 27 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தாளை நீட்டாதீர்கள், வாய்விட்டு நிதானமாகப் படித்துக் கேளுங்கள். ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணம் பற்றியது. அதற்கு "இல்லை" தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அடுத்த படியில் சொல்வது உடனே தொடங்க வேண்டும். மொத்த மதிப்பெண் குறைவுதானே என்று விடவே கூடாது.

5. ஆபத்துக்கான ஏற்பாடு இல்லாமல் ஒரு வீட்டு வாசலிலும் ஏறாதீர்கள்

ஒருவர் "எனக்கு வாழவே பிடிக்கல" என்று சொல்கிறார். களப்பணிக்குப் போன பெண் என்ன செய்வார்? இதற்கான பதில் ஒரு அட்டையில், தமிழில், அவர் பையில் இருக்க வேண்டும். தனியாக விடக்கூடாது. வீட்டில் நம்பகமான ஒருவரை நோயாளியின் சம்மதத்தோடு கூப்பிட வேண்டும். பூச்சிமருந்து, சேர்ந்து கிடக்கும் மாத்திரை போன்றவற்றை அப்புறப்படுத்தச் சொல்ல வேண்டும். டாக்டரின் எண், ராத்திரியில் எடுக்கிற இன்னொருவரின் எண், 108, 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104. ஏதாவது குடித்துவிட்டார் என்றால் கைவைத்தியம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டுக்குள்ளேயே மறைப்பது இன்னும் நடக்கிறது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, அதன் 115-ம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கியிருந்த பழைய 309-வது பிரிவு, 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. ஆஸ்பத்திரியில் தகவல் பதிவு செய்வார்கள், அதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ரகசியமும் பாதுகாப்புதான். வாட்ஸ்அப் குழுவில் நோயாளியின் பெயர், போட்டோ, சீட்டு எதுவும் போகக்கூடாது. நன்கொடை கொடுத்தவருக்கு அனுப்ப என்று மாத்திரை வாங்குகிறவரை நிற்க வைத்துப் படம் எடுப்பதைப் பார்க்கிறேன், மனசு வலிக்கிறது. இங்கே ஒரு படம் ஒரு கல்யாணத்தை நிறுத்திவிடும். நன்கொடையாளருக்கு எண்களை அனுப்புங்கள், மருந்து பில்லை அனுப்புங்கள், போதும்.

6. வேலை செய்யப்போகிறவர்கள்

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு வீடு வீடாகப் போகிறார்கள். மனநலத்தையும் அவர்கள் தலையில் வைத்துவிடலாம் என்று எல்லாருக்கும் தோன்றுகிறது. அவர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம், ஊதியம் குறைவு. கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம் ஏற்பாடு செய்ய முடிந்தால் கேளுங்கள். முடியாவிட்டால், "தூக்கம் எப்படி இருக்கு, சாப்பாடு இறங்குதா, மாத்திரை விட்டுப்போச்சா" என்ற இரண்டு மூன்று கேள்வி கேட்டு உங்களுக்குத் தகவல் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சொந்தமாக ஆள் எடுப்பதென்றால் ஊருக்கு இருவராக எடுங்கள். ஒருவர் கல்யாணமாகி வேறு ஊர் போனாலும் வேலை நிற்காது. வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து கஷ்டமான ஆட்களைப் பற்றிப் பேசுகிற நேரம் கட்டாயம். நாள் முழுக்க அடுத்தவர் துயரத்தைக் கேட்டுவிட்டு வருகிறவருக்கும் சொல்ல ஓர் இடம் வேண்டுமே.

7. கோடாங்கி, கோயில், தர்கா

வீட்டில் ஒருவருக்குப் பேச்சு மாறினால் முதலில் குறி கேட்கத்தான் போவார்கள். கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள், செய்வினை எடுப்பார்கள், அப்புறம்தான் நம்மிடம் வருவார்கள். இதை மூடநம்பிக்கை என்று திட்டினால் குடும்பம் கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு, அடுத்த மாதம் வராது. கோடாங்கியைப் போய்ப் பாருங்கள். மரியாதையாக, "ஐயா, உங்ககிட்ட வர்றவங்கள்ல ராத்திரி தூங்காம நடக்கிறவங்க, சாகணும்னு பேசுறவங்க, வலிப்பு வர்றவங்க யாராவது இருந்தா எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்க பூசையை நாங்க நிறுத்தச் சொல்லல" என்று கேளுங்கள். சிலர் மறுப்பார்கள், சிலர் அனுப்புவார்கள். அனுப்பியவருக்கு, நோயாளி சம்மதித்தால், ஆள் தேறி வருகிறார் என்று சொல்லியனுப்புங்கள்.

ஓர் எல்லை மட்டும் உண்டு. சங்கிலி. பக்கத்து மாவட்டம் ராமநாதபுரத்தில், ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பிடித்தபோது, கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்துபோனார்கள். 2017 சட்டம் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. வீட்டிலோ வேறெங்கோ கட்டிவைத்திருப்பதைப் பார்த்தால், அந்தக் குடும்பத்தின் களைப்பைப் புரிந்துகொண்டு பேசுங்கள், ஆனால் "பிறகு பார்க்கலாம்" என்று திரும்பி வராதீர்கள். அன்றைக்கே மாவட்ட மனநலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். தர்காவிலேயே துவாவும் மருந்தும் சேர்ந்து கிடைக்கும் ஏற்பாடுகள் குஜராத்திலும் ஏர்வாடியிலும் வந்திருக்கின்றன, அதனால் முடியாத காரியம் இல்லை.

இன்னொன்று, யாரும் யோசிப்பதில்லை: விரதமும் பாதயாத்திரையும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள், மாசி பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பவர்கள், விரதம் என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மனநிலை ஏற்ற இறக்க நோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இன்னும் ஆபத்து: வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை அதிகமாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காப்புக் கட்டும் முன்னாலேயே ஒவ்வொருவரிடமும் கேட்டு, டாக்டரைப் பார்க்க வைத்து, வழிக்கு வேண்டிய மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். செலவே இல்லாத புதுமை இது, காலண்டரில் நான்கு தேதியைக் குறித்து வைத்தால் போதும்.

8. பணமும் மருந்தும்

கோயில் திருப்பணி, பள்ளிக்கூடம், அன்னதானம் என்று கொடுத்துப் பழகிய மண் இது. ஆனால் கொடுப்பவர்கள் கட்டடம் கட்டித் தரத்தான் முதலில் கேட்பார்கள். நீங்கள் பஸ் காசையும் பணியாளர் சம்பளத்தையும் கேளுங்கள். "ஒரு நோயாளிக்கு ஒரு வருடத்துக்கு இவ்வளவு ஆகும், பத்துப் பேரை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று கணக்காகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பஸ் காசை மிச்சப்படுத்த ஒரு வழி: சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் இல்லை. நீண்டகால மனநோய் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் வேறு பல உதவிகளும் திறக்கும். மாற்றுத்திறனாளி அட்டை எடுக்க உதவுவதையே உங்கள் முதல் சேவையாக வைத்துக்கொள்ளலாம்.

மருந்து விஷயத்தில், வெளியில் வாங்கிக் கொடுத்துத் தொடங்காதீர்கள். அரசு நிலையங்களுக்கு மருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக வருகிறது. நிலையம் கேட்டு எழுதினால்தான் வரும். உங்கள் முயற்சியால் நோயாளிகள் கூடப்போகிறார்கள் என்றால் அந்த எண்ணிக்கையை மருந்தாளுநரிடம் முன்கூட்டியே கொடுங்கள். மாதக் கடைசியில் அவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து கையிருப்பைப் பார்ப்பது எந்த மென்பொருளையும்விட உதவும்.

9. ஒப்படைப்பது, அல்லது நிறுத்துவது

தொடங்கிய அன்றே யாரிடம் கொடுக்கப்போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையமா, மாவட்டத் திட்டமா, மகளிர் குழுவா? அவர்களை முதல் கூட்டத்திலேயே கூப்பிடுங்கள். ஒரு மாதம் நீங்கள் முழுக்க ஒதுங்கியிருந்து பாருங்கள். நின்றுபோகிற வேலைகளைக் குறித்துக்கொண்டு, அவற்றில் ஒவ்வொன்றையும் ஒருவருடைய வழக்கமான மாத வேலையாக எழுத்தில் மாற்றுங்கள். பக்கத்து வட்டாரத்துக்குப் போவது அதற்குப் பிறகு.

எண் சரியாக வரவில்லை என்றால், முன்பே எழுதிய வரியின்படி நிறுத்துங்கள். ஆனால் முகாம் பந்தலைப் பிரிப்பதுபோல ஒரே நாளில் முடிக்க முடியாது. உங்களை நம்பி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு மாதம் முன்னால் சொல்லுங்கள். நோய் என்ன, மருந்து என்ன, அளவு என்ன, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். அடுத்துப் போகவேண்டிய ஓ.பி.க்கு முதல் தடவை உங்கள் ஆள் கூடவே போகட்டும். அங்கே இரண்டாவது மாதச் சீட்டு விழுந்ததைப் பார்த்தபிறகுதான் உங்கள் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே முடிந்தது என்று எழுதலாம்.